உஷ்ஷ் சத்தமா, ஒழுங்கான ஐட்லிங்கா: டர்போ காருக்கு எந்த ப்ளோ-ஆஃப் வால்வ்?

கோவை அவிநாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் சந்திப்பு. மூன்றாவது கியரில் வேகமாக வந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து கிளட்சை மிதித்தேன். பானெட்டுக்குள்ளிருந்து ‘உஷ்ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் காசு சேர்த்து ப்ளோ-ஆஃப் வால்வ் வாங்கி மாட்டியிருந்தேன். அடுத்த நொடியே ஆர்பிஎம் முள் 800-ல் நிற்காமல் 400க்கு இறங்கியது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆனது. பின்னால் ஒரே ஹார்ன். பைக்காரர் மறுபடி பார்த்தார், இந்தத் தடவை சிரித்தார்.

வண்டி, இரண்டாம் கையாக வாங்கிய பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். நம் ஊரில் டர்போ பெட்ரோல் பைத்தியம் பிடித்த பலருக்கு ஆரம்பம் இந்த வண்டிதான். நான் மாட்டியது இணையத்தில் மலிவாகக் கிடைத்த, பெயர் பெற்ற வால்வ் ஒன்றின் நகல். தப்பு வால்விலும் கொஞ்சம் இருந்தது, என்னிடம் நிறையவே இருந்தது. அதன் பிறகு ஒன்றரை வருஷம் நண்பர்கள் வண்டியிலும் என் வண்டியிலும் நாலைந்து விதமாக மாற்றி மாற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதுதான் கீழே வருவது.

முதலில் வால்வ் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அது அழுத்தி அனுப்பும் காற்று அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக, எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவான த்ராட்டில் வாசலுக்கு வருகிறது. நீங்கள் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிவிடும், ஆனால் சக்கரம் உடனே நிற்காது. நடுவில் மாட்டிக்கொண்ட காற்று வந்த வழியே திரும்பி, சுற்றும் சக்கரத்தின் மேலேயே மோதும். ‘த்ரு-த்ரு-த்ரு’ என்று புறா கத்துவதுபோல் ஒரு சத்தம் வருமே, அதுதான் இது. அந்தக் காற்றுக்கு வேறு வழி திறந்துவிடுவதுதான் வால்வின் வேலை. த்ராட்டிலுக்குப் பின்னால் எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் வால்வின் தலைக்கு வரும். த்ராட்டில் மூடியதும் மேனிஃபோல்டில் வேக்குவம் உண்டாகி, ஸ்பிரிங்கை மீறி பிஸ்டனை மேலே இழுக்கும், வழி திறக்கும்.

திறந்த காற்று எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசமே. கம்பெனி பொருத்தும் வால்வ் பெரும்பாலும் அதை டர்போவுக்கு முன்னால் இருக்கும் பைப்புக்கே திருப்பி அனுப்பும். ரீசர்குலேஷன் என்பது இதைத்தான். நாம் ஆசைப்பட்டு மாட்டுவது வெளியே விடும், அதனால் சத்தம் வருகிறது. இதனால் வண்டிக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. கூடும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

பந்தி வாசலில் எண்ணுகிறவர்

கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகும் வாசலில் ஒருவர் நின்று ஆளை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கைக்குத்தான் சமையல்காரர் இலை போட்டுச் சாதம் எடுத்து வைப்பார். ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், மெக்கானிக்குகள் வாயில் ‘மேஃப்’, அப்படிப்பட்ட ஆள். உள்ளே வந்த காற்றை எண்ணி, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூவிடம் சொல்கிறது, இசியூ அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சுகிறது.

இப்போது நடுவில் ஒரு பக்கக் கதவைத் திறந்துவிட்டால்? எண்ணி உள்ளே விட்ட நூறு பேரில் முப்பது பேர் சாப்பிடாமலே வெளியே போய்விட்டார்கள், நூறு இலையிலும் சாதம் விழுந்துவிட்டது. எஞ்சினுக்குள் காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். கியர் மாற்றும்போது வண்டி ஒரு கணம் தடுமாறும். சைலன்ஸரில் கறுப்புப் புகை, சில சமயம் ‘டப்’ என்று வெடிச் சத்தமும் வரும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைச் சூடாக்கும். கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தப் போகும் நேரத்தில் இது நடந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டி ஆஃப் ஆகிவிடும். லட்சுமி மில்ஸில் எனக்கு நடந்ததில் பாதி இதுதான்.

மீதிப் பாதி இன்னும் விஷமமானது. ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் வேக்குவம் 18 முதல் 20 பாதரச அங்குலம் வரை இருக்கும். வால்வின் ஸ்பிரிங் இளகியதாக இருந்தால், வண்டி சும்மா நிற்கும்போதே வால்வ் திறந்துதான் இருக்கும். கம்பெனி வால்வுகளும் பல இப்படித் திறந்தே இருப்பவைதான். காற்று அதே பைப்புக்குள் சுற்றுவதால் அங்கே கணக்கு கெடுவதில்லை. ஆனால் வெளியே வாய் வைத்த வால்வ் அப்படித் திறந்திருந்தால், எஞ்சின் அந்த வாய் வழியாகவே காற்றை உறிஞ்சும். பக்கக் கதவு வழியாக, எண்ணாத ஆட்கள் பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாதம் பற்றவில்லை. ஆர்பிஎம் 700, 1100, 800, 1200 என்று ஊஞ்சலாடும். ஏசி கம்ப்ரஸர் ஓடும்போது வேக்குவம் குறைந்து வால்வ் மூடிக்கொள்ளும், ஏசி கட் ஆனதும் மறுபடி திறக்கும், ஆட்டம் இன்னும் கூடும். செக் எஞ்சின் லைட்டோடு, ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்று சொல்லும் பி0171 கோடும் வந்து நிற்கும். இதெல்லாம் போக, அந்த வாய் வழியாக வரும் காற்று ஃபில்டரைப் பார்த்ததே இல்லை. நம் ரோட்டுத் தூசி நேராக எஞ்சினுக்குள் போகும். ஐட்லிங்கைவிட எனக்குப் பயம் தந்தது இதுதான்.

ஆக, வால்வ் விலைப்பட்டியலைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியது உங்கள் வண்டி காற்றை எப்படி எண்ணுகிறது என்பதை. மேஃப் இல்லாமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் வண்டிகளும் உண்டு. அதில் ஆளை எண்ணுகிறவர் வாசலில் இல்லை, பந்தியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கக் கதவில் யார் போனாலும் வந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் நல்ல உதாரணம்: ஜப்பானில் விற்ற சூப்ராவில் அழுத்தம் அளக்கும் முறை, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனதில் மேஃப். ஒரே எஞ்சின், ஒரே வால்வை இரண்டிலும் மாட்டினால் ஒன்று சமர்த்தாக இருக்கும், இன்னொன்று சிக்னலில் அழும். ‘அவர் வண்டியில் நன்றாகத்தானே ஓடுது’ என்ற பேச்சு எடுபடாமல் போவது இதனால்தான்.

இருக்கிற தெரிவுகள்

முதல் தெரிவு, கம்பெனி வால்வையே புதிதாகப் போடுவது. சப்பென்று இருக்கிறதல்லவா? ஆனால் பழைய வண்டிக்காரர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும். பத்துப் பதினைந்து வருஷ வண்டியில் டயாஃப்ரம் ரப்பர் கிழிந்திருக்கும், டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட் ஒழுகும், பிக்கப் செத்திருக்கும். புது வால்வ் போட்டதும் ‘ஆஃப்டர்மார்க்கெட் போட்ட மாதிரி இருக்கே’ என்று தோன்றும். என் ஆக்டேவியாவின் 1.8டி எஞ்சின் குடும்பத்துக்கு ஒரு வசதியும் உண்டு. ஆடியின் 225 குதிரைத்திறன் 1.8டியில் வந்த, 710என் என்று முடியும் பார்ட் நம்பர் கொண்ட வால்வ் அப்படியே பொருந்தும், கூடுதல் பூஸ்டையும் தாங்கும்.

இரண்டாவது, அலுமினியத்தில் பிஸ்டன் வைத்த ஆஃப்டர்மார்க்கெட் வால்வ், ஆனால் ரீசர்குலேஷன் முறையில். ஃபோர்ஜ், டர்போஸ்மார்ட், ஜிஎஃப்பி எல்லாரும் செய்கிறார்கள். இசியூவை ட்யூன் செய்து பூஸ்டைக் கூட்டியிருந்தால் கிழிய ரப்பர் இல்லாத இது நியாயமான செலவு. ஐட்லிங் தொந்தரவு வராது. ஒரே ஒரு வேலை உண்டு: பிஸ்டனைக் குறித்த இடைவெளியில் கழற்றித் துடைத்து, கம்பெனி சொல்லும் கிரீஸைத் தடவ வேண்டும். சோம்பேறித்தனப்பட்டால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

சத்தம் வராதே என்பீர்கள். வரும். ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு திறந்த கோன் ஃபில்டர் போட்ட வண்டியில், ரீசர்குலேஷன் காற்று திரும்பி வரும் சத்தம் ஃபில்டர் வழியாக நன்றாகவே கேட்கும். தெருவுக்கே கேட்காது, கண்ணாடியை இறக்கினால் ஓட்டுகிறவருக்குக் கேட்கும். கடைசியில் நான் இங்கேதான் வந்து நின்றேன்.

மூன்றாவது, பாதி உள்ளே பாதி வெளியே விடும் இரட்டை வாய் வால்வ். மேஃப் வண்டிக்காரர்களுக்குச் சத்தமும் கிடைத்து, தொந்தரவும் குறைய வேண்டும் என்பதற்காக வந்தது. நல்ல வால்வில் உள்ளே போகும் வாய் முதலில் திறக்கும், வெளியே போகும் வாய் பிஸ்டன் இன்னும் மேலே ஏறினால்தான் திறக்கும். அப்படி இருந்தால் ஐட்லிங்கில் பிஸ்டன் கொஞ்சம் தூக்கினாலும் வெளிவாய் மூடியே இருக்கும். மலிவான நகல்களில் இரண்டும் ஒன்றாகத் திறக்கும், பெயருக்குத்தான் இரட்டை. கியர் மாற்றும்போது வரும் தடுமாற்றம் இதிலும் முழுசாகப் போகாது, பாதியாகும். நண்பர் ஒருவர் ஒரு வருஷம் இதை வைத்து ஓட்டினார், ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. ஆனால் மைலேஜ் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

நான்காவது, முழுக்க வெளியே விடுவது. அழுத்தம் அளக்கும் வண்டி என்றால் தாராளமாக. மேஃப் வண்டி என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ட்யூனரிடம் போய் மேஃபைக் கழற்றிவிட்டு அழுத்தக் கணக்குக்கு மாற்றுவது. ட்ராக் வண்டிக்குச் சரி, ஆபீஸுக்குப் போகும் வண்டிக்கு அதிகம். இன்னொன்று, ஐட்லிங்கில் மூடியே இருக்கும்படியான வால்வ் வாங்கி, கியர் மாற்றும்போது வரும் தடுமாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்வது. டியால் மாதிரிக் கம்பெனிகள் வண்டியின் ஐட்லிங் வேக்குவத்துக்கு ஏற்ப வேறு வேறு ஸ்பிரிங் வைத்திருப்பது இதற்காகத்தான். வேக்குவம் எண்ணைச் சொல்லாமல் ‘ஏதோ ஒரு ஸ்பிரிங்’ வாங்கினால் காசு போச்சு.

ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ மாதிரி வண்டிகள் வேறு ஜாதி. அதில் வால்வ் டர்போவின் மேலேயே உட்கார்ந்திருக்கும், திறக்கச் சொல்வது வேக்குவம் இல்லை, இசியூ அனுப்பும் கரண்ட். அதனால் ஐட்லிங்கில் தானாகத் திறந்துகொள்ளும் பிரச்சினை கிடையாது. சத்தம் வேண்டும் என்பவர்கள் வால்வுக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸர் வளையம் வைத்துக் காற்றை வெளியே விடுகிறார்கள். பந்திக் கணக்கு இங்கேயும் அதேதான், மேஃப் இருந்தால் கியர் மாற்றும்போது தடுமாறும். டயாஃப்ரம் கிழிவதுதான் கவலை என்றால், கரண்ட் வாங்கி வால்வைத் திறக்கும் கம்பெனி காயிலை வைத்துக்கொண்டு உள்ளே பிஸ்டனை மட்டும் மாற்றித் தரும் ஜிஎஃப்பி டிவி பிளஸ் போன்றவை இருக்கின்றன. சத்தம் அதிகமாகாது, பூஸ்ட் ஒழுகாது.

பஸ் டிக்கெட் சோதனை

ஏற்கெனவே மாட்டி, ஐட்லிங் ஆடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? த்ராட்டிலைச் சுத்தம் செய், ப்ளக் மாற்று, மேஃப் மாற்று என்று செலவுப் பட்டியல் நீளும் முன் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். வால்வின் வாய்க்கு எதிரே ஒரு பஸ் டிக்கெட்டை விரலில் தளர்வாகப் பிடித்துக் காட்டுங்கள். என் வண்டியில் அது ‘டக்’கென்று போய் வாயில் ஒட்டிக்கொண்டது, விரலை எடுத்த பிறகும் விழவில்லை. அந்தக் கணமே ஆர்பிஎம்மும் மாறியது. இரண்டு மாதமாக மெக்கானிக் அண்ணனோடு சண்டை போட்டதற்கு ஒரு டிக்கெட் பதில் சொல்லிவிட்டது. (டிக்கெட் உள்ளே போய்விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பின்னால் இருப்பது எஞ்சினுக்குப் போகும் பைப்.)

அடுத்து, வால்வின் தலைக்கு வரும் சின்ன ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை ஒரு போல்ட்டால் அடையுங்கள். ஐட்லிங் உடனே அடங்கினால் குற்றவாளி வால்வ்தான்: ஒன்று திறந்தே கிடக்கிறது, இல்லை தலையில் டயாஃப்ரமோ ஓ-ரிங்கோ ஒழுகுகிறது. அடங்கவில்லை என்றால் வேறு இடத்தைத் தேடுங்கள். ஹோஸ் கழன்ற நிலையில் ஓட்டிப் பார்க்கக் கூடாது, பூஸ்ட் வந்தால் வால்வை மூடிப் பிடிக்க மேலே அழுத்தம் இருக்காது.

அந்தச் சின்ன ஹோஸை யாரும் மதிப்பதே இல்லை. வால்வின் வாய் ஒழுகினால் அது த்ராட்டிலுக்கு முன்னால் நடக்கும் ஒழுகல். இந்த ஹோஸ் கிழிந்தாலோ த்ராட்டிலுக்குப் பின்னால், நேராக மேனிஃபோல்டில். அழுத்தம் அளக்கும் வண்டியிலும் அது ஐட்லிங்கைக் கெடுக்கும். ஆகவே அந்த மாதிரி வண்டியில் வால்வ் மாட்டியதும் ஐட்லிங் ஏறிவிட்டது என்றால், முதலில் வால்வைத் திட்டாமல் டி-ஜாயின்ட்டையும் கிளாம்பையும் பாருங்கள். எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸிலேயே வெட்டி டி போடுவது நம் கடைகளில் பழக்கம். வேண்டாம். மேனிஃபோல்டில் தனி வாய் கேளுங்கள்.

ஸ்பிரிங் திருகு உள்ள வால்வ் என்றால், டிக்கெட் ஒட்டாமல் கீழே விழும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அதற்கு மேல் அரைச் சுற்று. அப்புறம் ஓட்டிப் பாருங்கள். ஐட்லிங்கில் மூடினால் ஓடும்போது எப்படித் திறக்கும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஐட்லிங்கில் வேக்குவம் மட்டும்தான் இழுக்கிறது. பூஸ்டில் காலை எடுக்கும்போது மேலேயிருந்து வேக்குவம் இழுக்க, கீழேயிருந்து பூஸ்டும் சேர்ந்து தள்ளுகிறது, ஆகவே திறந்துவிடும். லேசாகக் காலை எடுக்கும்போது புறாச் சத்தம் அதிகம் வந்தால் இறுக்கியது ஜாஸ்தி. திரும்பி ஓடும் காற்று மேஃப் வரைக்கும் போனால், அதே காற்றை அது இன்னொரு தடவை எண்ணித் தொலைக்கும்.

இதை எங்கே நின்று செட் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் அடி ஏறினால் வேக்குவம் சுமார் ஒரு அங்குலம் குறையும். மேலே போய் நின்று ‘அப்பாடா, ஐட்லிங் சரியாகிவிட்டது’ என்று சந்தோஷப்பட்டால், மேட்டுப்பாளையம் வந்ததும் பழைய ஆட்டம் தொடங்கிவிடும். கீழேயே செட் செய்யுங்கள்.

இசியூ சொல்வதைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது. ஐட்லிங்கில் ஃப்யூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலில் செய்யும் கூட்டல் கழித்தல்) பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்று, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால், எங்கோ எண்ணாத காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

சட்டம் பற்றியும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு வெளியே ஊதும் வால்வை மாட்டிவிட்டு சர்வீஸ் சென்டரில் ஐட்லிங் புகார் கொடுத்தால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். கழற்றின கம்பெனி வால்வை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால்: தினமும் ஓட்டும் மேஃப் வண்டிக்கு, ட்யூன் செய்யாவிட்டால் கம்பெனி வால்வ், செய்திருந்தால் பிஸ்டன் ரீசர்குலேஷன். சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்றால், பெயர் தெரிந்த கம்பெனியின் இரட்டை வாய். முழுசாக வெளியே விடுவதை அழுத்தம் அளக்கும் வண்டிக்காரர்களுக்கும் ட்ராக் வண்டிக்காரர்களுக்கும் விட்டுவிடலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மச்சான் போன் செய்தான், ஸ்விஃப்ட் டீசலுக்கு எது நல்லது என்று. டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி காற்றை அடைக்கும் த்ராட்டில் வேலை கிடையாது, காலை எடுத்தாலும் காற்று எஞ்சினுக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும், வெளியே விட எதுவும் மாட்டிக்கொள்வதில்லை. டீசலுக்கென்று விற்கும் கிட் எல்லாம் பெடலைப் பார்த்து, நன்றாக அடைத்திருக்கும் பூஸ்ட் பைப்பை வேண்டுமென்றே திறந்துவிடும் சமாச்சாரம். ‘அப்ப சத்தம் வருமில்ல மாமா?’ என்றான். வரும் என்றேன்.